விலை மாறியதா, விருப்பம் மாறியதா?

தெரிவைப் பார்த்து விருப்பத்தைக் கணித்த கதை

சென்ற தவணையில் உயர்நிலை நான்கு மாணவர் ஒருவரின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் தமிழின் எதிர்காலம் பற்றிய கட்டுரை. அதில் ஒரு பகுதி வந்ததும் என் சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

"2010இல் சிங்கப்பூர் இந்தியர்களில் 36.7 விழுக்காட்டினர் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசினார்கள். 2020இல் அது 27.3 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே, தமிழர்களுக்குத் தமிழ் பிடிக்கவில்லை."

எண்கள் சரியானவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருப்பவைதாம். எழுத்துப்பிழையும் இல்லை. சிக்கல் 'ஆகவே' என்ற ஒரே சொல்லில்தான். அதற்கு முன்னால் இருப்பது, மக்கள் என்ன செய்தார்கள் என்ற செய்தி. அதற்குப் பின்னால் இருப்பது, அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்ற தீர்ப்பு. செய்கையிலிருந்து மனத்துக்கு இப்படி ஒரே தாவாகத் தாவலாமா? தாவலாம் என்றால் எந்த நிபந்தனையில்?

இந்தக் கேள்வியோடு பல காலம் போராடியவர்கள் பொருளியலாளர்கள். அவர்கள் கண்டுபிடித்த விடை நம் மொழி வகுப்புக்கும் உதவும் என்பதால் அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறேன். கணக்கு வருகிறதே என்று பயப்படாதீங்க. பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும்.

மனத்தை அளக்க ஒரு கருவி உண்டா?

ஒரு பொருளால் நமக்குக் கிடைக்கும் நிறைவைப் பொருளியலில் 'பயன்பாடு' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் பலர் இதை ஓர் அளவையாகவே நினைத்தார்கள். 1881இல் எட்ஜ்வொர்த் என்ற அறிஞர், வெப்பமானி உடல் சூட்டை அளப்பதுபோல மனிதனின் இன்பத்தை நொடிக்கு நொடி அளக்கும் கருவி ஒன்றைக் கற்பனை செய்து எழுதினார். அப்படியொரு கருவி வரவே இல்லை.

பிறகு வந்த இத்தாலிய அறிஞர் பரேட்டோ, "எவ்வளவு பிடிக்கும் என்று அளக்கவே வேண்டாம். எது அதிகம் பிடிக்கும், எது குறைவாகப் பிடிக்கும் என்ற வரிசை தெரிந்தால் போதும்" என்ற திசையில் சிந்தனையைத் திருப்பினார். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்த வரிசையும் மனத்துக்குள்ளேதானே இருக்கிறது? அதை எப்படிப் பார்ப்பது?

1938இல், இருபத்து மூன்று வயதுகூட நிரம்பாத பால் சாமுவேல்சன் ஒரு சிறு கட்டுரையில் இதற்கு வழி சொன்னார். மனத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். கடையில் கையைப் பாருங்கள். ஒருவர் இரண்டில் எதையும் வாங்கியிருக்க முடியும் என்ற நிலையில் ஒன்றை எடுத்து மற்றதை விட்டால், எடுத்தது விட்டதைவிட அவருக்குப் பிடித்தது என்று கொள்ளலாம். பத்தாண்டு கழித்து, 1948இல், இதையே அவர் 'வெளிப்படுத்தப்பட்ட விருப்பம்' என்ற பெயரில் விரித்து எழுதினார்.

நமக்கு இந்த எண்ணம் புதிதல்ல. ஒருவருடைய உயர்வையும் தாழ்வையும் அவரவர் செயலே உரைத்துக் காட்டும் என்ற கருத்தைத் திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தில் நம் மாணவர்கள் படிக்கலாம். சாமுவேல்சன் அந்த உரைகல்லுக்கு ஒரு நிபந்தனை போட்டார். 'இரண்டும் எட்டும் தூரத்தில் இருந்திருக்க வேண்டும்' என்பதே அது. இந்த நிபந்தனையில்தான் எல்லாமே இருக்கிறது. திராட்சையை விட்டுவிட்டுப் போன நரியின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அது திராட்சையை விட்டது உண்மை. அதனால் நரிக்குத் திராட்சை பிடிக்காது என்று சொல்வீர்களா?

தேக்காவில் ஒரு கணக்கு

சனிக்கிழமை காலையில் தேக்கா நிலையத்துக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்கறிக் கடை முன்னால் ஓர் அக்கா நிற்கிறார்.

"அண்ணே, வெண்டைக்காய் கிலோ எவ்வளவு?"

"நாலு வெள்ளிக்கா. கத்தரிக்காய் ரெண்டு வெள்ளிதான். பாத்து எடுங்க."

(இவை கணக்குக்காக நான் வைத்த விலைகள். இந்த விலைக்குத் தாங்க என்று கடையில் போய் வாதாடாதீங்க!)

அக்காவிடம் இருப்பது 10 வெள்ளி. முதல் வாரம் அவர் 2 கிலோ வெண்டையும் 1 கிலோ கத்தரியும் வாங்குகிறார். 8 + 2 = 10 வெள்ளி. அடுத்த வாரம் விலை தலைகீழாகிறது. வெண்டை 2 வெள்ளி, கத்தரி 4 வெள்ளி. இம்முறை அவர் 1 கிலோ வெண்டையும் 2 கிலோ கத்தரியும் வாங்குகிறார். 2 + 8 = 10 வெள்ளி.

இப்போது சாமுவேல்சனின் சோதனையைச் செய்து பார்ப்போம். முதல் வார விலையில் இரண்டாம் வாரக் கூடைக்கு எவ்வளவு ஆகியிருக்கும்? 1 × 4 + 2 × 2 = 8 வெள்ளி. கையில் 10 வெள்ளி இருந்ததால் அது எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இருந்தும் அதை விட்டார். ஆகவே முதல் கூடைதான் அவருக்குப் பிடித்தது. அடுத்து, இரண்டாம் வார விலையில் முதல் கூடைக்கு எவ்வளவு? 2 × 2 + 1 × 4 = 8 வெள்ளி. அதுவும் எட்டும் தூரம். அதையும் விட்டார். ஆகவே இரண்டாம் கூடைதான் பிடித்தது. இரண்டும் ஒரே மனத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஏதோ மாறியிருக்கிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கலாம், மகனுக்குத் திடீரென்று எண்ணெய்க் கத்தரிக்காய் மீது ஆசை வந்திருக்கலாம். காரணத்தைக் கணக்கு சொல்லாது. 'விலை மட்டும் காரணமல்ல' என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லும்.

பக்கத்தில் ஒரு தம்பி. அவரிடமும் 10 வெள்ளி. முதல் வாரம் 1 கிலோ வெண்டை, 3 கிலோ கத்தரி. 4 + 6 = 10. விலை மாறிய இரண்டாம் வாரம் 3 கிலோ வெண்டை, 1 கிலோ கத்தரி. 6 + 4 = 10. பார்த்தவுடனே என்ன தோன்றுகிறது? "தம்பி ஆளே மாறிட்டாரே!" என்றுதானே? கணக்குப் போடுங்கள். முதல் வார விலையில் இரண்டாம் கூடைக்கு 12 + 2 = 14 வெள்ளி. இரண்டாம் வார விலையில் முதல் கூடைக்கு 2 + 12 = 14 வெள்ளி. இரண்டு வாரமும் மற்றக் கூடை அவர் கைக்கு எட்டவே இல்லை. முரண்பாடு எதுவும் இல்லை. அவருடைய விருப்பம் மாறியது என்பதற்குச் சான்றும் இல்லை. விலை மாறியது, தெரிவு மாறியது, அவ்வளவுதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அக்காவின் கூடையில் ஒரு கிலோதான் இடம் மாறியது, முரண்பாடு வந்தது. தம்பியின் கூடையில் இரண்டு கிலோ இடம் மாறியது, முரண்பாடு வரவில்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் மாற்றம் மனமாற்றமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டு வாரத்துக்குப் பதிலாக ஐம்பது வாரப் பட்டியல் இருந்தால்? முதல் கூடை இரண்டாவதைவிடப் பிடித்தது, இரண்டாவது மூன்றாவதைவிடப் பிடித்தது என்று சங்கிலி நீண்டுகொண்டே போகும். கடைசியில் அது சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முட்டினால் முரண்பாடு. 1950இல் ஹௌதாக்கர் இந்தச் சங்கிலிச் சோதனையைக் கொண்டுவந்தார். 1967இல் அஃப்ரியாட் ஒரு படி மேலே போனார். இப்படிப்பட்ட முரண்சுற்று பட்டியலில் இல்லையென்றால், அத்தனை தெரிவுகளையும் விளக்கக்கூடிய ஒரே சீரான விருப்ப வரிசையை எண்களால் கட்டிக்காட்ட முடியும் என்று நிறுவினார். எட்ஜ்வொர்த் கனவு கண்ட கருவிக்கு மிக அருகில் வந்தது கடைசியில் ஒரு மளிகைக் கணக்குதான்!

1975: ஒரு நகரமே சோதனைக்கூடம்

விலையை மாற்றிப் பார்த்து மனிதர்களின் தெரிவை ஊர் அளவில் கவனித்த எடுத்துக்காட்டுக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை.

1975 ஜூன் 2ஆம் தேதி சிங்கப்பூரின் நகர மையத்தைச் சுற்றி ஒரு கட்டுப்பாட்டு வட்டாரம் வந்தது. காலை 7.30 முதல் 9.30 வரை கார் உள்ளே நுழைய வேண்டுமென்றால் உரிமத்தாள் வாங்கி முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும். நாளுக்கு 3 வெள்ளி, மாதத்துக்கு 60 வெள்ளி. காரில் நான்கு பேர் இருந்தால் கட்டணம் இல்லை.

கட்டுப்பாட்டு நேரத்தில் நுழைந்த வாகனங்கள் ஏறத்தாழ 44 விழுக்காடு குறைந்தன. சிங்கப்பூரர்களுக்கு ஒரே இரவில் கார் பிடிக்காமல் போய்விட்டதா என்ன? இல்லை. காலை எட்டு மணிக்குக் காரில் நகருக்குள் போவதன் விலைதான் மாறியது. தேக்காவில் பார்த்த தம்பியின் கதைதான் இது.

இன்னொன்றும் நடந்தது. 9.30 ஆனதும் உள்ளே நுழையும் கார்கள் குவிந்தன. பலர் காத்திருந்து, கட்டணம் முடிந்த கையோடு கிளம்பியிருந்தார்கள். இங்கே தெரிவு வாய் திறந்து பேசுகிறது. 3 வெள்ளி கொடுத்து உடனே போவது, கொடுக்காமல் தாமதமாகப் போவது, இரண்டும் எட்டும் தூரத்தில் இருந்தன. காத்திருந்தவருக்கு அந்தக் காத்திருப்பு 3 வெள்ளியைவிடக் குறைந்த சுமை. பணம் கட்டியவருக்கு அதைவிடப் பெரிய சுமை. யாரிடமும் கருத்துக் கேட்காமலே நேரத்துக்கு ஒரு விலை தெரிந்துவிட்டது. 1975 ஆகஸ்டிலேயே கட்டுப்பாட்டு நேரம் 10.15 வரை நீட்டிக்கப்பட்டது. 1989இல் மாலை நேரமும் சேர்ந்தது. நான்கு பேர் சலுகையும் நீங்கியது.

1998இல் தாளுக்குப் பதில் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது. அதன் கட்டணங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுஆய்வு செய்துவந்திருக்கிறது. அளவுகோல் சாலையில் ஓடும் வேகம். விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், மற்ற முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 கிலோமீட்டர். வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறலாம். மேலே போனால் இறங்கலாம். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று ஓட்டுநர்களிடம் கேட்பதற்குப் பதிலாக, விலையை வைத்துவிட்டு அவர்கள் செய்வதைப் பார்க்கும் முறை இது.

விலை என்பது வெள்ளி மட்டும்தானா?

சாலைக் கதை காட்டும் இன்னொரு உண்மை, காத்திருப்பதும் ஒரு விலைதான் என்பது. இதைக் கணக்கில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான டேனியல் மெக்ஃபேடன். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1972இல் 'பார்ட்' ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே, கார், பேருந்து ஆகியவற்றில் மக்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அவர் குழு ஆராய்ந்தது. பயணச் செலவு, பயண நேரம், நடக்கும் நேரம், காத்திருக்கும் நேரம் ஒவ்வொன்றும் அந்தத் தெரிவில் எவ்வளவு எடை பெறுகிறது என்று கணித்தது. அதை வைத்து, இன்னும் வராத ரயிலில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று முன்கூட்டியே சொன்னது. அதிகாரபூர்வ மதிப்பீடு 15 விழுக்காடு. மெக்ஃபேடன் குழு சொன்னது 6.3 விழுக்காடு. நடந்தது 6.2 விழுக்காடு. 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஆக, விலை என்பது கொடுக்கும் காசு மட்டுமல்ல. நடை, காத்திருப்பு, அலைச்சல், கூச்சம், பிறர் முன்னால் தடுமாறும் சங்கடம், இவை எல்லாமே விலைதான். கடைசி இரண்டும் நான் சேர்த்தவை. ஏன் சேர்த்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

2013 ஜூன் மாதம் நம் ஊரில் ஒரு சலுகை வந்தது. நகரத்துக்குள் இருந்த 16 ரயில் நிலையங்களில் வார நாளில் காலை 7.45க்கு முன் வெளியேறினால் கட்டணமே இல்லை. சிலர் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். பெரும்பாலோர் மாற்றவில்லை. "இலவசமா கொடுத்தும் வரலைன்னா, இவங்களுக்குத் தூக்கம்தான் முக்கியம்" என்று ஒருவர் சொல்லலாம். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகும் தாயையும், முதலாளி வைத்த வேலை நேரத்தை மாற்ற முடியாத ஊழியரையும் அவர் மறந்துவிட்டார். அவர்களுக்கு முந்திய ரயில் எட்டாத திராட்சை. என் மாணவர் எழுதிய அதே 'ஆகவே'தான் இங்கும் வந்து நிற்கிறது.

அமர்த்திய சென் எழுப்பிய தடை

இந்தக் கோட்பாட்டை மிக ஆழமாகக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் அமர்த்திய சென். 1973இலும் 1977இலும் அவர் எழுதிய கட்டுரைகள் இதில் முக்கியமானவை. தெரிவுக்குப் பின்னால் விருப்பம் மட்டும் இருப்பதில்லை. கடமை, மரியாதை, கொண்ட கொள்கை இவையும் இருக்கின்றன என்பது அவர் வாதத்தின் சாரம்.

நம் வீட்டு எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். விருந்துக்குப் போயிருக்கிறீர்கள். தட்டில் இரண்டு வடை இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்கிறீர்கள். ஒன்றே ஒன்று இருந்தால்? "வேணாம்மா, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்கிறீர்கள். அதே நீங்கள், அதே வடை. எடுத்ததையும் விட்டதையும் மட்டும் குறித்துவைத்தவர் உங்கள் சுவையைத் தவறாகக் கணிப்பார். உங்கள் பண்பு அவருடைய பட்டியலில் ஏறாது.

மீண்டும் அந்த 'ஆகவே'

இப்போது மாணவரின் கட்டுரைக்குத் திரும்புவோம். இந்த வரலாறு நமக்கு மூன்று கேள்விகளைக் கையில் கொடுக்கிறது.

முதல் கேள்வி: தேர்ந்தெடுத்தவர் ஒருவர்தானா? சாமுவேல்சனின் சோதனை ஒரே ஆளின் இரண்டு தெரிவுகளை ஒப்பிடுவது. 2010இல் கணக்கிடப்பட்டவர்களும் 2020இல் கணக்கிடப்பட்டவர்களும் ஒரே கூட்டம் அல்லர். பத்தாண்டில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள், முதியவர்கள் மறைந்தார்கள், புதியவர்கள் குடியேறினார்கள். மேலும், அந்த 27.3 விழுக்காடு இந்தியர் அனைவரையும் அடிப்படையாகக் கொண்டது. மலையாளம், இந்தி, பஞ்சாபி பேசும் குடும்பங்களும் அதில் உண்டு. 'தமிழர்களில் இத்தனை பேர்' என்று அதைப் படிக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி: விலை மாறாமல் இருந்ததா? அதே பத்தாண்டில் இந்தியர் வீடுகளில் ஆங்கிலம் 41.6 விழுக்காட்டிலிருந்து 59.2 விழுக்காடாக ஏறியது. பள்ளிப்பாடம், அலுவலகம், நண்பர்கள், கைப்பேசி எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும்போது வீட்டில் தமிழில் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்கான முயற்சி கூடுகிறது. அறிவியல் பாடத்தில் நடந்ததை அம்மாவிடம் தமிழில் சொல்லத் தொடங்கும் பையன், நடுவில் சொல் கிடைக்காமல் தடுமாறி, ஆங்கிலத்துக்குத் தாவுகிறான். அந்தத் தடுமாற்றம்தான் அவன் கொடுக்க வேண்டிய விலை. கூச்சத்தையும் சங்கடத்தையும் நான் விலைப்பட்டியலில் சேர்த்தது இதற்காகத்தான்.

மூன்றாவது கேள்வி: மற்றது எட்டும் தூரத்தில் இருந்ததா? கணவன் தமிழ், மனைவி வேறு மொழி என்றால் வீட்டின் பொதுமொழி எதுவாக இருக்கும்? தாத்தா பாட்டி தனி வீட்டில் இருந்தால் பிள்ளை யாரோடு தமிழ் பேசும்? கணக்கெடுப்பு 'அதிகமாக' எந்த மொழி என்றுதான் முதலில் கேட்கிறது. வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசும் சிங்கப்பூரர்களில் பெரும்பாலோர் இரண்டாவதாக ஒரு தாய்மொழியும் பேசுவதாக அதே 2020 கணக்கெடுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். விருப்பம் குறையவில்லை என்று நான் சொல்லவில்லை. குறைந்தும் இருக்கலாம். அந்த எண் மட்டும் அதைச் சொல்லாது என்பதே செய்தி. இந்த வேறுபாடு நமக்கு ஏன் முக்கியம்? 'பிடிக்கவில்லை' என்று முடிவு கட்டினால் அடுத்து நாம் செய்யக்கூடியது கடிந்துகொள்வது மட்டும்தான். மேடையில் திட்டலாம், வகுப்பில் அறிவுரை சொல்லலாம். 'விலை ஏறிவிட்டது' என்று கண்டுகொண்டால் விலையைக் குறைக்கும் வேலையைத் தொடங்கலாம்.

அப்படிப்பட்ட வேலை நடந்தும் இருக்கிறது. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழு, நல்ல பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. மேடைத்தமிழ் வராத பிள்ளையும் வாய் திறக்கலாம் என்றால், தமிழ் பேசுவதன் விலை அந்த அளவுக்கு இறங்குகிறது. பிழையோடு பேசும் மாணவரைப் பார்த்து நாம் சிரிக்காமல் இருந்தாலே இன்னும் கொஞ்சம் இறங்கும். அதன் பிறகு, தமிழும் ஆங்கிலமும் ஒரே அளவு எளிதாக எட்டும்போது பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். அந்தத் தெரிவுதான் உண்மையிலேயே பேசும்.

மாணவரை அழைத்து இதையெல்லாம் பேசினேன். மறுநாள் அவர் 'ஆகவே' என்று தொடங்கிய அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, இப்படி எழுதிக் கொடுத்தார்: "வீட்டில் தமிழ் பேசுவது முன்பைவிடக் கடினமாகியிருக்கலாம். எனக்கும் அப்படித்தான்."

மதிப்பெண் கூட்டித்தான் போட்டேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் கலந்துரையாட

1. தேக்காக் கணக்கில் இரண்டாம் வாரம் அந்த அக்காவிடம் 10 வெள்ளிக்குப் பதில் 7 வெள்ளி மட்டும் இருந்து, அவர் 1½ கிலோ வெண்டையும் 1 கிலோ கத்தரியும் வாங்கியிருந்தால் முரண்பாடு வருமா? கணக்கிட்டுக் காட்டுக.

2. 'இளையர்கள் நூலகத்துக்கு வருவதில்லை. ஆகவே அவர்களுக்கு வாசிப்பில் ஆர்வம் இல்லை.' மேலே கண்ட மூன்று கேள்விகளைக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.

3. நீங்கள் தமிழில் பேச நினைத்து ஆங்கிலத்துக்கு மாறிய ஒரு தருணத்தை நினைவுகூருங்கள். அங்கே மாறியது விலையா, விருப்பமா? வாய்மொழித் தேர்வுப் பயிற்சியாக இரண்டு நிமிடம் பேசுக.